நீ யாரு வீட்டுப் புள்ள?

ஒரு பக்கெட். பாதி தண்ணி. உள்ளே விரல் நீளத்துல நாலு மீன் குஞ்சு. நாலும் வெள்ளி கலர். ஒரே மாதிரி மூக்கு, ஒரே மாதிரி வால், ஒரே மாதிரி முழி. பக்கத்துல ஸ்கேலோட நிக்கிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும்.

'இதுல யாரு எந்த வீட்டுப் புள்ள?'

"மீனுக்கு ஏது பாஸ் வீடு, வாசல், பின்கோடு?"னு நீங்க சிரிக்கலாம். முதல்ல நானும் சிரிச்சேன். ஆனா அவர் சொல்லப்போற பதில்ல ரெண்டு விஷயம் தொங்கிட்டு இருக்கு. ஒண்ணு, கோடிக்கணக்கான மக்களோட தண்ணி. ரெண்டு, உலகத்துல ஒரே ஒரு ஆத்துல மட்டும் மிச்சமிருக்கிற ஒரு சால்மன் குடும்பம். பதில் தப்பானா ரெண்டுல ஒருத்தருக்கு ஆப்பு நிச்சயம்.

அதனால இந்த வாரம் ஸ்கேலைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, டி.என்.ஏ.-வைக் கையில எடுத்த கதையைப் பார்ப்போம். நடுவுல நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர்கூட வரும். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது!

ஆறு ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம்

இடம் அமெரிக்காவோட கலிஃபோர்னியா. வடக்கே ஷாஸ்தா மலைப் பக்கத்துல இருந்து சாக்ரமென்டோ ஆறு தெற்கு நோக்கி இறங்கி வருது. தெற்கே இருந்து சான் வாக்கீன் ஆறு வடக்கே ஏறி வருது. ரெண்டும் சந்திக்கிற இடம் ஒரு பெரிய டெல்டா. அங்கிருந்து மேற்கே திரும்பி, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா வழியா, சினிமால அடிக்கடி பார்ப்பீங்களே அந்த கோல்டன் கேட் பாலம், அதுக்கு அடியில புகுந்து பசிபிக் கடலுக்குப் போயிடும்.

இந்த ஆத்துலதான் ஷினூக் சால்மன் பிறக்குது. பசிபிக் சால்மன் வகைகள்லயே இதுதான் உருவத்துல பெரிய அண்ணன். ஆத்துக் கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டை. பொரிஞ்சு வர்ற குஞ்சு சில மாசம் ஆத்துல மேஞ்சுட்டு கடலுக்குக் கிளம்பும். அங்கே ரெண்டு மூணு வருஷம் நல்லா சாப்பிட்டு, பயில்வான் மாதிரி ஆகி, பிறந்த ஆத்துக்கே திரும்பி வந்து, முட்டை போட்டுட்டு செத்துப்போகும். ஒரே ஒரு ரவுண்ட்தான். அரியர்ஸ் கிடையாது, ரீ-எக்ஸாம் கிடையாது.

சிக்கல் எங்கேன்னா, டெல்டாவோட தென் கோடியில ரெண்டு பெரிய பம்பிங் ஸ்டேஷன் இருக்கு. ஒண்ணு மத்திய அரசோடது. ட்ரேஸிங்கிற ஊர் பக்கத்துல, 1951-ல இருந்து ஓடுது. இன்னொண்ணு மாநில அரசோடது. மாநிலத் திட்டத்துத் தண்ணி 2.7 கோடி பேருக்குப் போய்ச் சேருது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் குழாயைத் திறந்தா வர்றதுல ஒரு பங்கு இங்கிருந்து போறதுதான். மத்திய அரசுத் தண்ணி பெரும்பாலும் விவசாயத்துக்கு. பாதாம், தக்காளி, திராட்சைன்னு லட்சக்கணக்கான ஏக்கர்.

இந்த மோட்டார்கள் முழு வீச்சுல இழுக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். வேடிக்கைன்னா சிரிக்கிற வேடிக்கை இல்ல. கடலைப் பார்த்து ஓட வேண்டிய கால்வாய்கள் திரும்பி மோட்டாரைப் பார்த்து ஓட ஆரம்பிச்சுடும். ஓல்டு ரிவர், மிடில் ரிவர்னு ரெண்டு கிளை இருக்கு. அதுல தண்ணி ரிவர்ஸ் கியர்ல போகும். 'தண்ணி போற போக்குல போனா கடல் வந்துடும்'னு நம்பி வர்ற குஞ்சு நேரா மோட்டார் வாசல்ல வந்து நிக்கும்.

அங்கே மீனைப் பிரிச்சு ஒதுக்குற தடுப்புகள் வச்சிருக்காங்க. ஒதுங்குற மீன் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து லாரியில ஏத்தி கடலுக்குப் பக்கமா கொண்டுபோய் விடுவாங்க. எல்லாமே அப்படித் தப்பிக்கிறதில்ல. வழியிலேயே பெரிய மீனுக்கு இரையாகிறது நிறைய. தொட்டிக்கு வர்ற மீனையும் முழுசா எண்ண முடியாது. கொஞ்ச நேரம் எண்ணி, மீதி நேரத்துக்கு அதைப் பெருக்கிக்குவாங்க. ஆக, பக்கெட்ல ஒரு குஞ்சு கண்ணுல பட்டா, கணக்கு நோட்டுல அது பல குஞ்சு.

இப்போ புரியுதா, அந்த ஸ்கேல்காரரோட டென்ஷன்?

நாலு வீடு, ஒரு தெரு

ஒரே ஆறு, ஒரே இனம். ஆனா சாக்ரமென்டோ பக்கத்து ஷினூக்ல நாலு குடும்பம் உண்டு. கடல்ல இருந்து பெரிய மீன் எந்தப் பருவத்துல ஆத்துக்குள்ள நுழையுதோ, அதுதான் குடும்பப் பேரு. இலையுதிர்காலக் கூட்டம், பின்-இலையுதிர்காலக் கூட்டம், குளிர்காலக் கூட்டம், வசந்தகாலக் கூட்டம். நம்ம காலேஜ்ல ஷிஃப்ட் ஒண்ணு, ஷிஃப்ட் ரெண்டு மாதிரி. பில்டிங் ஒண்ணுதான், டைம்டேபிள் வேற.

இதுல குளிர்காலக் கூட்டம் ஒரு தனி கேஸ். உலகத்துல வேற எந்த ஆத்துலயும் அது கிடையாது. குளிர்காலத்துல ஆத்துக்குள்ள வரும். மாசக்கணக்கா சாப்பிடாம காத்திருந்து, கொளுத்துற கோடையில முட்டை போடும். கோடையில முட்டை பொழைக்கணும்னா தண்ணி ஜில்லுன்னு இருக்கணும். அதுக்குத்தான் அந்தக் காலத்துல மலைமேல, ஊத்துத் தண்ணி ஓடுற மெக்ளவுட் மாதிரி ஆறுகளுக்கு ஏறிப் போச்சு. இந்த ஊத்துத் தண்ணி கோடையிலயும் சூடாகாது.

1938-ல ஷாஸ்தா அணை கட்ட ஆரம்பிச்சாங்க. 1945-ல முடிஞ்சது. 602 அடி உயரம். மீன் ஏற வழி இல்ல. மலைமேல இருந்த வீடு ஒரேயடியா பூட்டு. அன்னையிலிருந்து அந்தக் கூட்டம் அணைக்குக் கீழே, வெயில் கொளுத்துற சமவெளியில, அணையோட அடித்தண்ணியைத் திறந்துவிட்டா கிடைக்கிற குளிர்ச்சியில வாடகைக் குடித்தனம் நடத்துது.

1969-ல திரும்பி வந்த பெரிய மீன் ஒரு லட்சத்துக்கும் மேல. 1994-ல 200-க்கும் கீழ! ஒரு டிபார்ட்மென்ட்டோட ஸ்ட்ரெங்த்கூட இல்ல. 1989-ல 'ஆபத்தை நெருங்கும் இனம்'னு பட்டியல்ல சேர்த்தாங்க, 1994-ல 'அழியும் ஆபத்தில் உள்ள இனம்'னு மாத்தினாங்க. 2014, 2015 வறட்சியில அணைக்குள்ள குளிர்ந்த தண்ணி தீர்ந்துபோய், ரெண்டு வருஷமும் முட்டையும் இளங்குஞ்சும் பெரும்பாலும் அப்படியே அழிஞ்சுபோச்சு.

அதனாலதான் மோட்டார்ல மாட்டுற குளிர்காலக் குஞ்சுக்கு ஒரு வரம்பு வச்சாங்க. கணக்கு அந்த வரம்பைத் தொட்டா, மோட்டார் வேகத்தைக் குறைக்கணும். விதியோட நுணுக்கங்கள் அப்பப்போ மாறும். அடிப்படை இதுதான்.

இலையுதிர்காலக் கூட்டம் ஏராளம். பொரிப்பகத்துல இருந்தே வருஷத்துக்குக் கோடிக்கணக்குல குஞ்சு விடுறாங்க. குளிர்காலக் குஞ்சோ அபூர்வம். ரெண்டும் ஒரே பக்கெட்ல, ஒரே யூனிஃபார்ம்ல!

ஸ்கேல் சொன்ன ஜோசியம்

டி.என்.ஏ. வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க? நீளத்தை அளந்தாங்க. இதுவும் முட்டாள்தனமான ஐடியா இல்ல. குளிர்காலக் கூட்டம் கோடையில முட்டை போடுது. இலையுதிர்காலக் கூட்டம் அதுக்கு சில மாசம் கழிச்சு. அப்போ ஜனவரியில பிடிச்சா, முன்னாடி பிறந்தவன் பெரியவனா இருப்பான், பின்னாடி பிறந்தவன் பொடியனா இருப்பான். அதை வச்சு ஒரு அட்டவணை போட்டாங்க. இந்தத் தேதியில இத்தனை மில்லிமீட்டர் இருந்தா இந்தக் குடும்பம். அவ்ளோதான். ஸ்கேல் வச்சோமா, அட்டவணையைப் பார்த்தோமா, எழுதினோமா, வேலை முடிஞ்சது.

ஆனா நீங்களே சொல்லுங்க. ப்ளஸ் டூ படிக்கிற பையன் ஆறடி இருக்கான், ஃபைனல் இயர் அண்ணன் அஞ்சடி நாலு அங்குலம். உயரத்தை வச்சு யார் சீனியர்னு சொல்ல முடியுமா?

மீனுக்கும் அதே கதை. வெள்ளம் வந்து ஆத்தோரத்து வயல்வெளி முழுக்கத் தண்ணி நின்னா, அங்கே புழு பூச்சிக்குப் பஞ்சமே இல்ல. அங்கே ஒதுங்குற குஞ்சு, ஆத்தோட நடுவுல எதிர்நீச்சல் போடுற குஞ்சைவிட வேகமா வளருது. சாக்ரமென்டோ பக்கத்துல யோலோ வெள்ளச் சமவெளியில இதை அளந்து பார்த்து 2001-ல எழுதியிருக்காங்க. ஆக, நல்லா சாப்பிட்டு வளர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கேல் கணக்குல 'குளிர்காலக் குடும்பம்' ஆயிடுவான்.

பிறகு மோட்டார் ஸ்டேஷன்ல பல வருஷம் சேர்த்த ஆயிரக்கணக்கான குஞ்சுகளோட துடுப்புத் துணுக்கை மரபணுச் சோதனை பண்ணி, ஸ்கேல் தீர்ப்போட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. 2014-ல வெளியான முடிவு சுவாரஸ்யமானது. நிஜமான குளிர்காலக் குஞ்சுகளை ஸ்கேல் அநேகமா விடாமப் பிடிச்சிருந்தது. ஆனா கூடவே சம்பந்தமே இல்லாத பசங்களையும் ஏகப்பட்ட பேரைச் சேர்த்துப் பிடிச்சிருந்தது. போலீஸ் ஒரு திருடனைப் பிடிக்கத் தெருவையே வேன்ல ஏத்தின மாதிரி!

'சரி, விட்டுடாமப் பிடிச்சாச்சுல்ல, நல்லதுதானே?'னு தோணும். அங்கேதான் இடிக்குது. தப்பா எழுதின ஒவ்வொரு மீனும் அந்த வருஷத்து வரம்புல ஏறும். காரணமே இல்லாம மோட்டார் குறையும், எங்கேயோ ஒரு விவசாயிக்குத் தண்ணி வராது. இன்னொரு ஆபத்தும் இருக்கு. கூட்டத்துல கலந்திருக்கிற நிஜக் குளிர்காலக் குஞ்சு எத்தனை, அது எந்த வாரம் கடக்குதுன்னே சரியாத் தெரியாமப்போகும். காப்பாத்த வேண்டியது யாரைன்னு தெரியாம எப்படிக் காப்பாத்துறது?

'ஏனுங்' என்றால் எந்த ஊரு?

இப்போ ஹாஸ்டலுக்கு வாங்க. முதல் நாள், புது ரூம்மேட். பேரு சொல்லல, ஊரு சொல்லல. ஆனா வாயைத் திறந்து "ஏனுங், சாப்டீங்ளா?"ங்கிறான். நீங்க மனசுக்குள்ள 'கோயம்புத்தூர் பக்கம்'னு எழுதிட்டீங்க. ஒருத்தன் "ஏலே"ங்கிறான். திருநெல்வேலி. உயரத்தைப் பார்த்தீங்களா? இல்ல. பேச்சைக் கேட்டீங்க.

ஒரு வார்த்தை ஏமாத்தலாம். சினிமா பார்த்துட்டு எவன் வேணா "ஏலே" சொல்லலாம். ஆனா பத்து வார்த்தை, இருபது வார்த்தைன்னு கேட்கக் கேட்க, மாவட்டம் என்ன, தாலுகாவே சொல்லிடுவோம்.

சால்மனோட டி.என்.ஏ.-வும் அப்படி ஒரு வட்டார வழக்குதான். ஏன் ஆத்துக்கு ஆறு, கூட்டத்துக்குக் கூட்டம் வழக்கு மாறுது? காரணம், சால்மனோட ஊர்ப் பாசம். பிறந்த தண்ணியோட வாசனையை மோப்பம் பிடிச்சுத் திரும்பி வந்து, அங்கேயே, தன் கூட்டத்துலயே ஜோடி சேருது. பல தலைமுறையா இப்படி நடந்தா, ஒவ்வொரு கூட்டத்துலயும் டி.என்.ஏ. எழுத்துகள்ல சின்னச் சின்ன வித்தியாசம் சேர்ந்துக்கிட்டே போகும். பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு இடத்துல இந்தக் கூட்டத்துல பெரும்பாலும் 'ஜி', அந்தக் கூட்டத்துல பெரும்பாலும் 'ஏ'. அவ்ளோதான்.

1990-கள்ல இதுக்கு மைக்ரோசாட்டிலைட்னு ஒண்ணை யூஸ் பண்ணாங்க. டி.என்.ஏ.-ல சில இடத்துல ரெண்டு மூணு எழுத்து திரும்பத் திரும்ப வரும், திக்குவாய் மாதிரி. எத்தனை தடவை திக்குதுங்கிறதுல குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம். அப்புறம் ஒத்தை எழுத்து வித்தியாசங்களை, அதாவது ஸ்னிப்புகளைப் படிக்க ஆரம்பிச்சாங்க. கலிஃபோர்னியாவுல உருவான ஒரு பட்டியல்ல 96 ஸ்னிப். குஞ்சோட துடுப்பு ஓரத்துல ஒரு துளி வெட்டு. நகம் வெட்டுற மாதிரி. மீனைத் திரும்ப விட்டுடலாம்.

பேயெஸ் தாத்தாவுக்கு ஒரு சலாம்

இப்போ அந்த ப்ராபபிலிட்டி பேப்பர். 'இது எங்கே சார் யூஸ் ஆகும்?'னு கடைசி பெஞ்ச்ல இருந்து கேட்டோமே, பேயெஸ் தேற்றம், அது இங்கேதான் யூஸ் ஆகுது. புரியறதுக்காக ஒரு கற்பனைக் கணக்கு.

ஒரு இடத்துல குளிர்காலக் குடும்பத்துல 90 சதவிகிதம் 'ஜி'ன்னு வைங்க. இலையுதிர்காலக் குடும்பத்துல 30 சதவிகிதம் மட்டும் 'ஜி'. நம்ம குஞ்சுகிட்ட 'ஜி' இருக்கு. அப்போ குளிர்காலக் கட்சிக்கு மூணு மடங்கு ஆதரவு. மூணு மடங்கை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத பத்து இடத்துல இதே மாதிரி வந்தா? மூணைப் பத்துத் தடவை பெருக்குங்க. 59,049 மடங்கு!

அவசரப்படாதீங்க, இன்னும் ஒரு ஸ்டெப் இருக்கு. பக்கெட்ல வர்ற நூறு குஞ்சுல ஒண்ணுதான் குளிர்காலம்னு வைங்க. அப்போ ஆட்டமே 99-க்கு 1-னு எதிரணிக்குச் சாதகமாத்தான் தொடங்குது. 59,049-ஐ 99-ஆல வகுத்தா சுமார் 596. அதாவது, 'இது குளிர்காலக் குஞ்சு'ங்கிறதுக்கு 596, 'இல்ல'ங்கிறதுக்கு 1. இப்போ கையெழுத்துப் போடலாம்.

முதல் இடத்தோட நிறுத்தியிருந்தா? 3-க்கு எதிரா 99. 'இல்ல'ன்னுதான் முடிவு வந்திருக்கும். ஒத்தை அடையாளத்தை வச்சு முடிவு பண்றது எவ்வளவு ஆபத்துன்னு இந்த ரெண்டு வரிக் கணக்கே சொல்லிடுது. ஸ்கேலும் ஒத்தை அடையாளம்தானே!

பெரியவங்களே ஏமாந்த கதை

'குஞ்சுதானே, பெரிய மீனைப் பார்த்தா அனுபவசாலிகளுக்குத் தெரிஞ்சிடும்'னு நினைப்பீங்க. தெரியல.

குளிர்காலக் கூட்டத்தைக் காப்பாத்த, பெரிய மீன்களைப் பிடிச்சு, முட்டை எடுத்து, பொரிப்பகத்துல வளர்த்து விடுற திட்டம் ஒண்ணு தொடங்கினாங்க. 1990-களின் நடுவுல மரபணுவைப் பார்த்தா, பெத்தவங்க லிஸ்ட்ல சில வசந்தகால மீனும் கலந்திருந்தது! காப்பாத்தப் போன இடத்துல ரெண்டு குடும்பத்தையும் கலந்துட்டாங்க. இன்னொரு தப்பும் நடந்திருந்தது. குஞ்சுகள் வளர்ந்தது பேட்டில் க்ரீக்ங்கிற வேற ஓடைத் தண்ணியில. அதனால திரும்பி வரும்போதும் அந்த வாசனையைப் பிடிச்சு அங்கேயே போச்சு.

திட்டத்தை நிறுத்தினாங்க, யோசிச்சாங்க. பிறகு ஷாஸ்தா அணை அடிவாரத்துலயே புதுப் பொரிப்பகம் கட்டி, சாக்ரமென்டோ தண்ணியில வளர்த்து, பெத்தவங்க ஒவ்வொருத்தரையும் மரபணுச் சோதனை பண்ணித்தான் உள்ளே விட்டாங்க. தப்பைக் கண்டுபிடிச்சதும், அதைத் திருத்தினதும் ஒரே சோதனைதான்.

மூணு வருஷம் கழிச்சு வர்ற தேதி

ஒரு நிமிஷம் யோசிங்க. குடும்பப் பேரு வர்றது பெரிய மீன் ஆத்துக்குள்ள நுழையுற பருவத்தை வச்சு. பக்கெட்ல இருக்கிற குஞ்சு இன்னும் கடலையே பார்க்கல. அது திரும்பி வர சுமார் மூணு வருஷம் ஆகும். அப்போ நாம கேட்கிற கேள்வி, 'நீ மூணு வருஷம் கழிச்சு எந்தப் பருவத்துல வீட்டுக்கு வருவே?'ங்கிறது. அதை எப்படி இப்பவே சொல்றது?

2017-ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் கேம்பஸ்காரங்க ஒரு விஷயம் வெளியிட்டாங்க. ஷினூக்கோட 28-வது குரோமோசோம்ல, கிரெப்-1-எல்னு ஒரு ஜீன் இருக்கிற பகுதி. அந்தச் சின்னப் பகுதியில இருக்கிற வித்தியாசம்தான், மீன் சீக்கிரமா ஆத்துக்கு வருமா, தாமதமா வருமாங்கிறதோட ஒட்டி வருது. 2020-ல வேற ஒரு குழு இன்னும் நுணுக்கமாப் பார்த்து, அந்த ஒரே பகுதியோட பங்கு எவ்வளவு பெருசுன்னு உறுதிப்படுத்தினாங்க. அதாவது குஞ்சு சட்டைப் பையில ரிட்டர்ன் டிக்கெட்டோடதான் பிறக்குது. பருவம் ஏற்கெனவே பிரிண்ட் ஆயிருக்கு!

குளிர்காலமும் வசந்தமும் சீக்கிரம் வர்ற வகை. இலையுதிர்கால ரெண்டும் தாமத வகை. முதல்ல இந்தக் கேள்வியைக் கேட்டுட்டு, அப்புறம் வேற ஒரு அடையாளத்தை வச்சு குளிர்காலத்தைத் தனியாப் பிரிச்சுடலாம்.

மிச்சமிருந்தது டைம் பிராப்ளம். துணுக்கை லேபுக்கு அனுப்பி, ரிசல்ட் வர்றதுக்குள்ள மீன்கூட்டமே கடந்து போயிருக்கும். பரீட்சை முடிஞ்சு ஹால் டிக்கெட் வந்த கதை. இதுக்குத் தீர்வா வந்தவர் பேரு ஷெர்லாக்! துப்பறியும் ஷெர்லாக் இல்ல, 2017-ல அறிமுகமான ஒரு கிரிஸ்பர் சோதனை முறை. நாம தேடுற எழுத்து வரிசை இருந்தா மட்டும் சிக்னல் கொடுக்கும். கலிஃபோர்னியா நீர்வளத் துறை ஆட்கள் முதல்ல டெல்டா ஸ்மெல்ட்ங்கிற வேற ஒரு பொடி மீனுக்கு இதைத் தயார் பண்ணி 2020-ல வெளியிட்டாங்க. பிறகு சால்மன் பக்கம் திரும்பினாங்க. துடுப்பைக்கூட வெட்ட வேணாம். மீன் உடம்புல இருக்கிற வழவழப்பை பஞ்சுக்குச்சியால ஒரு இழு, அவ்ளோதான். ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் எடுக்க முடியும். அதுவும் ஆத்தோரத்துலயே.

டி.என்.ஏ. சொல்லாததும் உண்டு

ஓவரா பில்டப் கொடுத்துட்டேன்னு நினைக்க வேணாம், மறுபக்கமும் சொல்லிடறேன்.

இலையுதிர்காலக் கூட்டமும் பின்-இலையுதிர்காலக் கூட்டமும் மரபணுவுல ரொம்ப நெருங்கின சொந்தம். பிரிக்கிறது கஷ்டம். ஃபெதர் ஆத்துல 1968-ல ஓரோவில் அணை வந்ததும், மேலே போய் முட்டை போட்ட வசந்தகாலக் கூட்டமும் கீழே போட்ட இலையுதிர்காலக் கூட்டமும் ஒரே இடத்துல நெருக்கியடிக்க வேண்டியதாச்சு. கலப்பும் ஆயிடுச்சு. ரெண்டு ஊர் பேச்சும் கலந்து பேசுறவனை எந்த ஊருன்னு சொல்றது? அணை அடைச்சது வழியை மட்டும் இல்ல, அந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான்.

இன்னொண்ணு. மரபணு, குஞ்சு யாருக்குப் பிறந்ததுன்னு சொல்லும். எங்கே வளர்ந்ததுன்னு சொல்லாது. அதுக்கு மீனோட காதுக் கல்லை எடுத்துப் பார்க்கணும். நாளுக்கு ஒரு வளையம்னு வளர்ற அந்தக் கல்லுல, எந்தத் தண்ணியில இருந்ததுன்னு ஸ்ட்ரான்ஷியம் ரூபத்துல பதிவாகியிருக்கும். அப்படிப் பார்த்து 2018-ல வந்த ஒரு ஆய்வு, பொழைச்சுத் திரும்பி வந்த குளிர்கால மீன்கள்ல 44-லிருந்து 65 சதவிகிதம், குஞ்சா இருக்கும்போது பிறந்த ஆறு இல்லாத வேற ஓடைகள்லயும் ஒதுங்கி வளர்ந்திருக்குன்னு சொல்லுது. அதுவரைக்கும் யாரும் பெருசாக் கண்டுக்காத ஓடைகள் அதெல்லாம்! ஆனா காதுக் கல் எடுக்கணும்னா மீன் செத்திருக்கணும். துடுப்புத் துணுக்குக்கும் பஞ்சுக்குச்சிக்கும் அந்தத் தேவை இல்ல.

பெரிய கேள்விக்கும் டி.என்.ஏ. பதில் சொல்லாது. 'இது குளிர்காலக் குஞ்சுதான்'னு சத்தியம் பண்ணும். 'அப்போ மோட்டாரை எவ்வளவு குறைக்கணும்? நகரத்துக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, மீனுக்கு எவ்வளவு?' இதெல்லாம் மனுஷங்க உட்கார்ந்து பேச வேண்டியது. கோர்ட் வரைக்கும் போய் வருஷக்கணக்கா பேசிட்டுத்தான் இருக்காங்க. ஆனா 'அந்த மீனே இது இல்லப்பா'ன்னு ஒரு தரப்பும், 'எல்லாமே அந்த மீன்தான்'னு இன்னொரு தரப்பும் சண்டை போடுறதாவது குறையும். யாரைப் பத்திப் பேசுறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேசலாம். அதுவே பெரிய விஷயம்னு எனக்குத் தோணுது.

பூட்டின வீடு

கடைசியா ஒரு சீன். 2022 ஜூலை. மெக்ளவுட் ஆத்தங்கரை. அந்த மண்ணோட பூர்வகுடிகளான வின்னமெம் வின்டு மக்கள், அரசுத் துறைக்காரங்களோட சேர்ந்து நிக்கிறாங்க. சால்மனைத் தங்களோட சொந்தமா நினைக்கிற மக்கள் அவங்க. ஷாஸ்தா அணை வந்தப்போ மீன்களோட சேர்ந்து அவங்க நிலமும்தான் தண்ணிக்கு அடியில போச்சு. அணை அடிவாரப் பொரிப்பகத்துல இருந்து கொண்டுவந்த குளிர்காலக் கூட்டத்தோட முட்டைகளை, அந்தக் கோடையில, அந்த ஜில் தண்ணியில வைக்கிறாங்க. ரெண்டு தவணையா சுமார் 40,000 முட்டை. அணை கட்டினதுக்கப்புறம் முதல் தடவை.

முட்டை பொரிஞ்சது. குஞ்சு நீந்திச்சு. அணையைத் தாண்டிக் கடலுக்குப் போக அதுங்களுக்கு வழி இல்லையே, அதனால பொறி வச்சுப் பிடிச்சு, வண்டியில ஏத்தி, அணைக்குக் கீழே கொண்டுவந்து விட்டாங்க.

அங்கிருந்து கடல் வரைக்கும் அதே ஆறு, அதே டெல்டா, அதே மோட்டார், அதே பக்கெட். அதுல ஒரு குஞ்சு பக்கெட்ல வந்து விழுந்தா, ஸ்கேலுக்கு அது இத்தனை மில்லிமீட்டர் மீன். பஞ்சுக்குச்சிக்கு மட்டும்தான், 200-க்கும் கீழே போய்த் திரும்பி வந்த ஒரு குடும்பத்தோட புள்ள அது.

சரி மக்களே, பேயெஸ் கணக்கைப் பத்து இடத்துக்குப் பதிலா அஞ்சு இடத்துக்குப் போட்டுப் பாருங்க. கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா? அடுத்த வாரம் சந்திப்போம்!